வீட்டில் எல்லாம் இருக்கிறது, பிறகு ஏன் குடிக்கிறார்கள்?

வேளிமலை, தக்கலை:

எங்கள் பக்கத்தில் குடியால் செத்துப்போன ஆண்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் ரப்பர் விளை வைத்திருந்தவர். இன்னொருவர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியனாக இருந்து நன்றாகச் சம்பாதித்துத் திரும்பியவர். மற்றொருவர் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவர். சோற்றுக்கு இல்லாத வீடு இதில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் எல்லாரும் படித்தவர்கள். இரண்டு பேருடைய வீட்டில் மாடியும் உண்டு, காரும் உண்டு.

உடம்பு வலி தாங்காமல் ஏழை குடிக்கிறான், கவலையை மறக்கக் குடிக்கிறான் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அது உண்மை என்றால், வசதி வர வர குடி குறைந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் வந்தால் ஓட்டு வீட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் எங்கே கூட்டம் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

நமக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை இது. அமெரிக்கா மாதிரி பணக்கார நாட்டில் போதை மருந்து அளவுக்கு மீறிப் போய் 2021 ஆம் ஆண்டில் மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். குடிக்கிறவர்களைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. காரணத்தை யாராவது நிதானமாகச் சொன்னால் நல்லது.

பழைய வாத்தியார், நாகர்கோவில்:

நல்ல கேள்வி தம்பி. எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1897 இலேயே இதன் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் ஆராய்ந்தது தற்கொலையை. நாட்டில் பொருளாதாரம் சரியும்போது தற்கொலை கூடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். திடீரென்று செழிப்பு வரும்போதும் அது கூடுகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். பணம் வேகமாக வரும்போது, எவ்வளவு ஆசைப்படலாம், யாருக்கு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்ற பழைய அளவுகள் உடைந்துவிடுகின்றன. புதிய அளவு ஒன்றும் உருவாகியிருப்பதில்லை. இடையில் அகப்பட்டவன் தத்தளிக்கிறான்.

இந்த மாவட்டத்தில் அது எப்படி நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயலில் வேலை இருந்தபோது ஒரு ஆளின் சாயங்காலம் அவன் கையில் இல்லை. வெள்ளம் திறந்துவிடப் போக வேண்டும், மாட்டைப் பார்க்க வேண்டும், பனையேறினால் மாலையிலும் ஒரு தடவை ஏற வேண்டும். பிறகு கோவில், சபை, வாசகசாலை, கிளப்பில் வாலிபால். அதெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். சாதிக் கொடுமை இருந்தது, பட்டினி இருந்தது, சாராயமும் இருந்தது. ஆனால் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவனை யாராவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வயல் போய் ரப்பரும் வாழையும் கான்கிரீட்டும் வந்தன. ரப்பர் பால் வெட்டு விடியற்காலையில் தொடங்கி முற்பகலோடு முடிந்துவிடும். மீதி நாள் முழுக்கச் சும்மா. பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், டொரண்டோவில். வீட்டில் நாலு பாத்ரூம், இரண்டு மனிதர்கள். வேளிமலை சொன்ன அந்த ரப்பர் விளைக்காரருக்குப் பணம் குறையவில்லை. அவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை என்று ஒன்றும் மிச்சமில்லை.

நெய்யாறு இடதுகரை:

வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தத்துவம் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிற கடையை விட்டுவிடுகிறோம். கடை இருக்கிறது, குடிக்கிறார்கள். முதல் காரணம் இதுதான்.

டாஸ்மாக் 1983 இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கியது. 2003 இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24 இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு பணத்தை வாங்கிக்கொண்டு, குடிக்கிறவனிடம் போய் உன் மனதில் என்ன வெறுமை என்று கேட்பது நியாயமா?

2015 ஜூலை 31 யாருக்காவது நினைவிருக்கிறதா? சேலத்திலிருந்து வந்த காந்தியவாதி சசிபெருமாள், நம் உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் பக்கத்தில் இருந்த கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்துபோனார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், நாம் தினமும் கடந்து போகிற இடம். அவர் கேட்டது ஒரே ஒரு கடையை அங்கிருந்து எடுங்கள் என்பதுதான்.

செழிப்பும் குடியும் சேர்ந்து வருவது புதிதில்லை. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் தானியம் மலிவு, கூலிக்காரன் கையில் முன்னைவிடக் கொஞ்சம் காசு, தெருவுக்குத் தெரு ஜின் என்ற சாராயம் விற்கும் கடை. ஊரே அதில் மூழ்கியது. 1751 இல் சட்டம் போட்டு உரிமத்தையும் வரியையும் இறுக்கிய பிறகு குறைந்தது. அந்தச் சட்டம் வந்த சமயத்தில் தானிய விலையும் ஏறியது. லண்டன்காரர்களின் மனவெறுமை திடீரென்று தீர்ந்துபோய்விடவில்லை. சரக்கு கைக்கு எட்டாமல் போனது, அவ்வளவுதான்.

ஒஹையோவில் மார்த்தாண்டக்காரன்:

நெய்யாறு அண்ணே, நான் இருக்கிற மாநிலமே உங்கள் பேச்சுக்குப் பாதி சாட்சி. மறுபாதி வாத்தியார் ஐயாவுக்கு.

1996 இல் பர்டூ என்ற மருந்துக் கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது எளிதில் அடிமைப்படுத்தாது என்று அதன் ஆட்கள் டாக்டர்களிடம் சொல்லி விற்றார்கள். அது பொய் என்று கம்பெனியே 2007 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்கு மாத்திரை வாங்கியவர்கள் அடிமையானார்கள். மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் ஹெராயின், அதற்கப்புறம் ஃபென்டனில். இந்தக் கடைசிச் சரக்கு ஹெராயினைவிட ஏறக்குறைய 50 மடங்கு வீரியம். சரக்கு வெள்ளமாக வந்தது, ஜனங்கள் செத்தார்கள். இது நெய்யாறு அண்ணனின் பாதி.

ஆனால் வெள்ளம் வந்தபோது எல்லாருமா மூழ்கினார்கள்? பொருளாதார வல்லுநர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் 2015 இல் ஒரு கணக்கைக் காட்டினார்கள். 45 முதல் 54 வயதுவரையுள்ள வெள்ளைக்கார அமெரிக்கர்களின் சாவு விகிதம், மற்றப் பணக்கார நாடுகளில் குறைந்துகொண்டே வர, இங்கே மட்டும் 1990களின் கடைசியிலிருந்து ஏறியிருந்தது. போதை, குடியால் கெட்ட ஈரல், தற்கொலை, இந்த மூன்றும் பெரிய காரணம். அதிகம் செத்தவர்கள் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள். ஆலை மூடிய ஊர், சுரங்கம் மூடிய ஊர். அரசாங்க உதவி இருந்தது, டிவி இருந்தது, வண்டி இருந்தது. வேலையும் சங்கமும் சர்ச்சும் கல்யாண வாழ்க்கையும் கையை விட்டுப் போயிருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகத் தெரிந்து அரசாங்கம் நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். அந்தக் காடு, அந்தப் பயம், அந்தக் கூட்டு, எல்லாவற்றையும் விட்டு வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

கடல்புறத்துக்காரி, குளச்சல்:

எல்லாம் வாசித்தேன். எல்லாரும் ஆணுக்குக் காரணம் தேடிக் கொடுக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன்.

கடல்புறத்தில் ஆணுக்கு இருக்கிற கஷ்டம் எனக்கும் உண்டு. அதே கடன்தான், வட்டிக்காரன் அதே வாசலில்தான் வந்து நிற்கிறான். 2017 இல் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் அகப்பட்டவர்கள் ஆண்கள், சரி. கரையில் நாள்கணக்காக ராத்திரியும் பகலும் உட்கார்ந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தது யார்? உடம்பு திரும்பி வராமலே போனவர்களின் மனைவிமார் எத்தனை பேர் எங்கள் பக்கத்தில். அவர்கள் எல்லாரும் பாட்டிலைத் தேடிப் போனார்களா? மீன் கூடையைத் தூக்கிச் சந்தைக்குப் போனார்கள்.

2019-21 இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் குடிக்கிறவர்கள். பெண்களில் 0.3. வெறுமையும் தனிமையும் வேலையில்லாமையும்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசத்துக்கு என்ன பதில்? வாத்தியார் ஐயா சொன்ன நாலு பாத்ரூம் வீட்டில் இரண்டாவது ஆள் ஒரு பெண்தானே. அவளுடைய பிள்ளைகளும் டொரண்டோவில்தானே இருக்கிறார்கள். அவளை யார் எதிர்பார்க்கிறார்கள்?

அனுமதிதான் காரணம். ஆண் குடித்தால் "என்ன கவலையோ" என்கிறது ஊர். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஆண்களுக்குத் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் பெண் வீட்டுக்காரனைக் கஞ்சன் என்கிறது. பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற தங்கல் முடிந்து போட் கரைக்கு வந்து பங்கு பிரித்த அன்றைக்கு, காசு வீட்டுக்கு வரும் முன்னால் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

பழைய வாத்தியார், நாகர்கோவில்:

மகளே, இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. சேர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த தலைமுறையில் பெண்களைவிட ஆண்கள் குடிப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும், அந்த நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர்களிடம் இருபாலாரும் கிட்டத்தட்டச் சமம் என்றும் கண்டிருக்கிறார்கள். ஊர் அனுமதித்ததும், கம்பெனிகள் பெண்களுக்கென்று இனிப்புச் சரக்கு செய்து விளம்பரம் கொடுத்ததும், அங்கே அந்த வித்தியாசம் கரைந்தது. ஆக நீங்கள் சொல்வது சரி. பெண்ணின் உடம்பில் விசேஷமான காவல் ஒன்றும் இல்லை. நம் பெண் பிள்ளைகள் விஷயத்திலும் நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

பனையேறி பேரன், கருங்கல்:

இவ்வளவு பேசுகிறீர்கள், கள்ளைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பாட்டா அக்கானி (பதநீர்) இறக்கினார், கள்ளும் இறக்கினார். சுண்ணாம்பு தடவின கலயம் அக்கானிக்கு, தடவாதது கள்ளுக்கு. 1987 இல் கள்ளை மூடினார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கே 42.8 சதவீத பிராந்தியை அரசே விற்கும், அதைவிட வீரியம் ரொம்பக் குறைந்த கள்ளை விற்றால் கேஸ். பனையேறிகள் பலர் மரத்தை விட்டார்கள். பனையும் போனது, ஏறத் தெரிந்தவனும் போனான். கள்ளைத் திறந்தால் பாதிப் பேர் பிராந்தியை விட்டுவிடுவார்கள் என்பது என் கருத்து.

கடல்புறத்துக்காரி, குளச்சல்:

தம்பி, பனையேறியின் பிழைப்பைப் பற்றிப் பேசினால் நான் உங்கள் பக்கம். கருப்பட்டிக்கும் அக்கானிக்கும் நல்ல விலை வேண்டும், அதற்குப் போராட நானும் வருகிறேன். ஆனால் கள்ளுக்கடை வந்தால் பிராந்திக்கடை காலியாகும் என்று நம்ப முடியவில்லை. கேரளத்தில் இரண்டும்தான் நடக்கிறது, இரண்டிலும்தான் கூட்டம்.

ஹாஸ்டல் ஜன்னல்:

நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். காலேஜ் பெயர் சொல்ல மாட்டேன், மாவட்டத்துக்குள்தான்.

நீங்கள் பிராந்தியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வயதில் முதலில் வருவது கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம். உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காரலாம், வாசனை வராது. பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அப்புறம் கஞ்சா. சிலர் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசி போடுகிறார்கள். ஊசி போட்ட ஒரு பையனின் கை வீங்கிப் பழுத்து நான் பார்த்தேன்.

இவர்கள் யாரும் வசதி இல்லாத பையன்கள் இல்லை. அப்பா வெளிநாட்டில், அம்மா டீச்சர், பையனுக்கு மாதாமாதம் அக்கவுண்டில் காசு. வீட்டிலிருந்து போன் வந்தால் இரண்டே கேள்வி, சாப்பிட்டாயா, எத்தனை மார்க். ப்ளஸ் டூவில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கியவன் இங்கே வந்து முதல் செமஸ்டரில் நாலு அரியர் வைத்ததும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நண்பன் நீட்டுகிறான், வாங்கிக்கொள்கிறான். அந்த அறையில் மட்டும் யாரும் மார்க் கேட்க மாட்டார்கள். போதையைவிட அதற்காகத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒஹையோவில் மார்த்தாண்டக்காரன்:

தம்பி சொன்னதை இங்கே ஒருவர் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார். சுனியா லூதர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த உளவியலாளர். 1990களின் கடைசியில் நகரத்து ஏழைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க வசதியான புறநகர்ப் பள்ளி மாணவர்களையும் எடுத்துக்கொண்டார். வசதியான பிள்ளைகள்தான் அதிகமாகக் குடிக்கிறார்கள், அதிகமாகப் போதைப்பொருள் எடுக்கிறார்கள், மனக்கலக்கமும் அவர்களுக்கே அதிகம் என்று வந்தது. அவரே எதிர்பாராத முடிவு. பிறகு பல வருடம் அதையே தொடர்ந்து ஆராய்ந்து இரண்டு காரணங்களை முன்னால் வைத்தார். ஒன்று, எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நெருக்கடி. இரண்டு, பெற்றோரோடு மனதால் உள்ள தூரம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பணக்காரனும் குடிக்கிறான், ஏழையும் குடிக்கிறான், சாவது ஏழைதான் அதிகம். பிரிட்டனில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். வசதியானவர்கள் அதே அளவோ கூடவோ குடித்தாலும், குடியால் வரும் நோயும் சாவும் ஏழைகளிடம்தான் கூடுதல். விழுந்தால் தாங்கிக்கொள்ள வசதியானவனுக்கு நாலு பேர் உண்டு.

வார்டு சிஸ்டர்:

இருபது வருடத்துக்கும் மேலாக மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த இழையில் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலந்து பேசுகிறோம் என்று நினைக்கிறேன். முதல் தடவை ஏன் குடிக்கிறான்? ஏன் தொடர்ந்து குடிக்கிறான்? ஏன் விட முடியவில்லை? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

முதல் தடவை குடிக்கப் பெரிய துக்கம் ஒன்றும் வேண்டாம். கையில் கிடைக்கிறது, கூட்டாளி கொடுக்கிறான், ஊர் தடுக்கவில்லை. நெய்யாறு அண்ணனும் கடல்புறத்து அக்காவும் சொல்வது இங்கே முழுக்கப் பொருந்தும்.

தொடர்ந்து குடிப்பவனிடம் பேசினால் வாத்தியார் சொல்வது தெரியவரும். தூக்கம் வரவில்லை, வீட்டில் பேச ஆளில்லை, பயம், சின்ன வயதில் நடந்த ஏதோ ஒன்று. ரப்பர் கிலோ 240 ரூபாய்க்கு விற்ற 2011 இல் வீட்டுக் கடன் எடுத்து, 2016 தொடக்கத்தில் விலை 100க்குக் கீழே போனபோது உடைந்துபோனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஊர் பார்வையில் அவர்கள் வசதியானவர்கள். பரம்பரையும் உண்டு. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பிறப்போடு வருவது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே மேசையில் உட்கார்ந்து குடித்த நாலு பேரில் ஒருவன் மட்டும் மாட்டிக்கொள்வது அதனால்தான். அவன் மற்ற மூவரைவிடக் கெட்டவன் இல்லை.

மூன்றாவது கட்டத்தில் காரணம் எல்லாம் பின்னால் போய்விடும். மூளை சாராயத்துக்குப் பழகிவிடுகிறது. சாராயம் மூளையை அமர்த்தும். அதற்கு எதிராக மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கூட்டி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றலும் இல்லாததைப் பார்த்துப் பயப்படுவதும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். காலையில் எழுந்ததும் குடிக்கிறவரைப் பார்த்து "வெட்கமில்லாதவன்" என்கிறோம். சந்தோஷத்துக்காக அவர் குடிக்கவில்லை, நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார்.

படித்த மாவட்டம் என்பதால் இங்கே கூடுதலாக ஒரு தொல்லை இருக்கிறது. மானம். ஆஸ்பத்திரிக்கு வந்தால் மகளின் கல்யாணம் தடைபடும் என்று வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே மறைக்கிறார்கள். ஈரல் கெட்டு, மஞ்சள் ஏறி, வயிறு வீங்கின பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

குவைத் லீவு:

சிஸ்டர் சொன்னதற்கும் அந்த வியட்நாம் கதைக்கும் என் அனுபவம் ஒத்துப்போகிறது. குவைத்தில் சாராயத்துக்குத் தடை. கள்ளத்தனமாகக் கிடைக்கும், ஆனால் பிடிபட்டால் வேலை போகும். அங்கே எனக்கு நினைப்பே வராது. ஷிப்ட், சமையல், வெள்ளிக்கிழமை கிரிக்கெட், ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால். லீவுக்கு வந்து திருவனந்தபுரத்தில் இறங்கியதுமே கூட்டாளி வண்டியில் பாட்டிலோடு நிற்பான். வந்தவன் செலவு செய்யாவிட்டால் மரியாதை இல்லை. முதல் வாரம் கொண்டாட்டம். அப்புறம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு வேலை, என்னோடு பேச யாருக்கும் நேரமில்லை, அவர்கள் நாள் நான் இல்லாமலே ஓடப் பழகியிருக்கிறது. பகலிலேயே தொடங்கிவிடுவேன். போன லீவில் ஏர்போர்ட்டுக்குக் கூட்டாளியை வர வேண்டாம் என்று சொல்லி, மனைவியை வரச் சொன்னேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய வித்தியாசம் தெரிந்தது.

தோவாளை:

நான் வாசிக்க மட்டும்தான் வருவேன், இன்றைக்கு எழுதுகிறேன். என் அண்ணன் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார் என்று ஒரு பொடி விளம்பரத்தில் வருகிறது. மைனி (அண்ணன் மனைவி) வாங்கலாம் என்கிறாள். கலக்கலாமா?

வார்டு சிஸ்டர்:

கலக்கவே கூடாது. மைனியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை டாக்டர் கொடுக்கும்போதுகூட நோயாளிக்கு விளக்கி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார். தெரியாமல் கொடுத்தது பிற்பாடு தெரிந்தால் அவர் உங்கள் கையால் சோறு வாங்க மாட்டார்.

கை நடுக்கம் இருப்பதால், நாளையிலிருந்து விடுகிறேன் என்று அவரே சொன்னாலும் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள். வலிப்பு வராமலிருக்க மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து, படிப்படியாக இறக்குவார்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல உதவிக்கு 14416. போனில் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

வேளிமலை, தக்கலை:

தனியார் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். என் சித்தப்பா மகனை ஒரு மையத்தில் சேர்த்தோம். முதல் மாதம் பார்க்கவே விடவில்லை. வெளியே வந்தபோது முதுகில் அடித்த தழும்பு. வந்த வாரமே மறுபடி குடித்தார், அப்புறம் எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கவில்லை.

வார்டு சிஸ்டர்:

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் பதிவு செய்திருக்க வேண்டும், யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. சேர்க்கும் முன்னால் பதிவுச் சான்றைக் கேளுங்கள், டாக்டர் எப்போது வருவார் என்று கேளுங்கள், வாரம் ஒருமுறை பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

நெய்யாறு இடதுகரை:

சிகிச்சை நல்லதுதான். நான் மறுபடி கடைக்கே வருகிறேன். உள்ளே ஒருவரைக் குணப்படுத்தி அனுப்புகிறீர்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் கடை.

ஒஹையோவில் மார்த்தாண்டக்காரன்:

கடையை மட்டும் மூடின கதை ரஷ்யாவில் நடந்தது அண்ணே. 1985 இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் சாராயத்துக்குக் கெடுபிடி போட்டார். இரண்டு வருடத்தில் ஆண்களின் சராசரி ஆயுள் 62லிருந்து 65 பக்கம் ஏறியது, அவ்வளவு உயிர் தப்பியது. ஆனால் சாராயம் காய்ச்சக் கடையில் சீனி தீர்ந்துபோனது, அரசுக்கு வருமானம் போனது, கெடுபிடி தளர்ந்தது. 1990களில் வேலையும் நாடும் சிதறியபோது குடியும் சாவும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தன. நம் தமிழ்நாட்டிலேயே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்ததையும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்த ஊர் ஐஸ்லாந்து. 1998 இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம், கடந்த ஒரு மாதத்தில் போதையாகும்வரை குடித்ததாகச் சொன்னார்கள். 2016 இல் அது 5 சதவீதம். 20 வயதுக்குக் கீழே சாராயம் விற்கக் கூடாது, விளம்பரம் கூடாது, பிள்ளைகள் ராத்திரி இவ்வளவு மணிக்கு மேல் தனியாக வெளியே திரியக் கூடாது என்று கட்டுப்பாடு. அதோடு விளையாட்டு, இசை, நடனம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளுக்கு நகராட்சியே பணம் கொடுத்தது. பெற்றோர் அதிக நேரம் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் வழியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

ஹாஸ்டல் ஜன்னல்:

எங்கள் ஊர் கிளப்பில் ஓணத்துக்கு வடம் இழுத்தல், உறியடி எல்லாம் நடத்துகிறார்கள். ஜெயித்த அணிக்குச் செலவு என்று சொல்லி ராத்திரி அங்கேயே பாட்டில் திறக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐஸ்லாந்து மாதிரி வேண்டுமானால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

கடல்புறத்துக்காரி, குளச்சல்:

கிளப் நிர்வாகத்தில் ஒரு பெண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள் தம்பி. முதல் கூட்டத்திலேயே அந்தச் செலவுக் கணக்கைக் கேட்பாள்.

பழைய வாத்தியார், நாகர்கோவில்:

ஹாஸ்டல் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாலு அரியர் வைத்த பையன் உங்கள் அறைப்பக்கம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். நான் கணக்கு வாத்தியார். மார்க் கேட்க மாட்டேன், கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

தோவாளை:

மைனியிடம் பேசிவிட்டேன், பொடி வாங்கவில்லை. அண்ணன் சாயங்காலம் நிதானமாக இருந்தபோது ஆஸ்பத்திரி பற்றிச் சொன்னேன். கத்தவில்லை. "சேர்த்துவிட்டு விட்டுட்டுப் போய்டுவியா" என்று மட்டும் கேட்டார். கூடவே இருப்பேன் என்று சொன்னேன். நாளைக் காலையில் போகிறோம். சிஸ்டர், புறப்படும் முன்னால் அவர் குடிக்கக் கேட்டால் என்ன செய்வது?

வார்டு சிஸ்டர்:

சண்டை போடாதீர்கள். வண்டியை அவர் ஓட்ட வேண்டாம். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள், குறைத்துச் சொல்ல வேண்டாம். முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள், பழைய சீட்டுகள், ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். போகும் வழியில் வலிப்போ குழப்பமோ வந்தால் ஓபிக்குப் போக வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108ஐக் கூப்பிட்டால் வண்டி வரும்.